மலைல இருந்துக்கிட்டு தண்ணிக் கணக்கு: டயாலிசிஸ் பண்ணிட்டே கிட்னிக்கு காத்திருக்குறவங்களுக்கு

ரெண்டு வருஷம் நாலு மாசமா வாரம் மூணு நாள் குன்னூர்ல இருந்து கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறிட்டு இருக்கேன். செவ்வாய், வியாழன், சனி. கிட்னிக்கு பேர் பதிஞ்சு 19 மாசம் ஆகுது. வீட்லயே யாராவது கிட்னி குடுக்கலாம்னா அம்மாவுக்கு சுகர், அக்காவுக்கு குரூப் சேரல, வீட்டுக்காரிக்கு பி.பி. இருக்குன்னு டாக்டர் வேண்டாம்னுட்டாங்க, அதனால மூளைச்சாவு ஆனவங்க கிட்னி வர்றப்ப வரட்டும்னு லிஸ்ட்ல நிக்கிறோம்.

முதல் ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு தடவ நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு அட்மிட் ஆனேன். ரெண்டு தடவையும் "எவ்ளோ தண்ணி குடிச்சீங்க"ன்னு கேட்டாங்க, 800 மி.லி. தான்னு சத்தியம் பண்ணேன், யாரும் நம்பல. ரெண்டாவது தடவ எக்கோ எடுத்தா இதயம் பலவீனமாயிடுச்சு, பம்ப் பண்றது 40 சதவீதம்தான்னு வந்துச்சு. இந்த இதயத்தோட மயக்க மருந்து குடுக்க முடியாது, மொதல்ல தண்ணிய கன்ட்ரோல் பண்ணிட்டு வாங்கன்னு லிஸ்ட்ல போடுறத மூணு மாசம் தள்ளி வச்சாங்க. தண்ணி விஷயம் மூச்சு வாங்குறதோட நிக்கிறதில்ல, கிட்னி வர்ற அன்னிக்கு அத வாங்கிக்கிற நிலைல நீங்க இருக்கணுமே, அதுக்கும் இதுதான் அஸ்திவாரம். எனக்கு இத அட்மிட் ஆன பிறகுதான் சொன்னாங்க. புதுசா மிஷின்ல படுக்குறவங்க மொத வாரமே தெரிஞ்சுக்கட்டும்னு எழுதுறேன்.

1. உங்க அளவு எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க

"தண்ணிய கொறச்சுக்கோங்க"ன்னு சொன்னா அது அட்வைஸ், அளவு இல்ல. டாக்டர்கிட்ட மி.லி. கணக்குல கேளுங்க. பொதுவா சொல்ற கணக்கு, நேத்து 24 மணி நேரத்துல எவ்ளோ யூரின் போச்சோ அதோட ஒரு 500 மி.லி. சேர்த்துக்கோங்கன்னு. எனக்கு 300 போயிட்டு இருந்துச்சு, அதனால 800. ஆனா இது என் அளவு, உங்களுக்கு இதயம் எப்படி, வாரத்துக்கு எத்தன டயாலிசிஸ்னு பாத்து உங்க டாக்டர் சொல்றதுதான் உங்க அளவு.

யூரின அளக்க ஒரு பழைய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி போதும், கோடு போட்டது. காலைல எந்திரிச்சதும் மொத யூரின விட்டுடுங்க, அதுக்கப்புறம் மறுநாள் காலைல மொத தடவ போறது வரைக்கும் சேர்த்து அளங்க. மாசம் ஒரு தடவ இத பண்ணியே ஆகணும். ஏன்னா யூரின் தானா கொறஞ்சுக்கிட்டே வரும், நீங்க பழைய கணக்குலயே குடிச்சுட்டு இருப்பீங்க. எனக்கு இப்ப 100 கூட வர்றதில்ல, அளவு 600க்கு இறங்கிடுச்சு.

அதோட இன்னொரு நம்பர் கேட்டு வாங்குங்க, டிரை வெயிட். உடம்புல தேங்கின தண்ணி எல்லாம் எடுத்துட்டா உங்க எடை எவ்ளோங்குறது. எனக்கு 58 கிலோ. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, இதுல மறைக்கவே முடியாது, எடை மிஷின் மேல ஏறி நின்னா போட்டுக் குடுத்துடும்.

டெக்னீஷியன் தம்பி ஒருத்தர் ஒரு கணக்கு சொல்லிக் குடுத்தார், எனக்கு அதுதான் கண்ண தொறந்துச்சு. ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு 13 மி.லி.க்கு மேல டயாலிசிஸ் மிஷின் தண்ணி எடுத்தா இதயம் தாங்காது. எனக்கு 58ஐ 13ஆல பெருக்கினா 754. நாலு மணி நேரத்துக்கு மூணு லிட்டர். அதுக்கு மேல நான் சேத்துக்கிட்டு வந்தா ஒண்ணு இன்னும் அதிக நேரம் படுக்கணும், இல்ல மிச்சத்த நெஞ்சுலயே வச்சுக்கிட்டு மலை ஏறணும். அது உச்சபட்சம், அதுக்குன்னு மூணு லிட்டர் ஏத்திக்கிட்டுப் போறது இல்ல. ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல டிரை வெயிட்ல நாலு சதவீதத்துக்குள்ள, அதாவது எனக்கு ரெண்டேகால் கிலோ கிட்ட, ஏறினா நல்லதுன்னு சொல்லியிருக்காங்க.

2. வீட்ல இருக்குற டம்ளர அளங்க

நான் மாட்டுனது இங்கதான். நோட்டுல "டம்ளர் 1 = 150"ன்னு எழுதி வச்சு மூணு மாசம் கணக்கு போட்டுட்டு இருந்தேன். ஒரு நாள் வீட்டுக்காரி மருந்துக்கடைல வாங்கின அளவு கப்ப வச்சு நம்ம எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திப் பாத்தா 220 நிக்குது. அஞ்சு தடவ குடிச்சா 350 மி.லி. வித்தியாசம். டவராவ எடுத்து அளந்தா அது வேற கணக்கு. டீக்கடை கண்ணாடி கிளாஸ் 90ல இருந்து 110 வரைக்கும் கடைக்கு கடை மாறுது.

அதனால இன்னிக்கே ஒரு அளவு ஜாடி வாங்குங்க, எனக்கு 80 ரூபா ஆச்சு. வீட்ல நீங்க தொடுற எல்லா டம்ளர், கிண்ணம், கரண்டிய அளந்து அடில பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதிடுங்க. ரசக் கரண்டி எங்க வீட்ல 60. அப்புறம் உங்களுக்குன்னு ஒரே ஒரு சின்ன டம்ளர் வச்சுக்கோங்க, 100 புடிக்கிறது, அத வேற யாரும் தொடக்கூடாது.

எதெல்லாம் கணக்குல வரும்னா, வெளிய வச்சா தண்ணியா ஓடுற எல்லாமே. காப்பி, டீ, மோர், ரசம், கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம், ஐஸ் கட்டி, மாத்திரைக்கு குடிக்கிற தண்ணி. சாம்பார நான் பாதியா கணக்கு வச்சுக்கிறேன், எங்க அம்மா வைக்கிற சாம்பாரா இருந்தா முழுசா (அது ரசத்துக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்). தர்பூசணி, ஆரஞ்சு இதெல்லாம் கைல வச்சா பழம், வாய்ல போட்டா தண்ணி. பழத்துல பொட்டாசியம் வேற இருக்கு, அதனால எது எவ்ளோன்னு டயட்டீஷியன்கிட்ட கேட்காம எடுக்காதீங்க.

800 இருந்தப்ப என் நாள் இப்படித்தான் போச்சு. காலைல காப்பி 100, மாத்திரைக்கு 50, பதினொரு மணி டீ 90, மதியம் ரசம் இல்ல குழம்பு 80, தண்ணி 120, சாயங்காலம் டீ 90, ராத்திரி தண்ணி 120, மாத்திரைக்கு 50. கூட்டினா 700. மிச்சம் 100 ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு நாக்கு ஒட்டிக்கிட்டு கெடக்கும் பாருங்க, அதுக்கு. அந்த நூற ஒரு நாளும் பகல்ல தொடாதீங்க.

நோட்டுல எழுத சோம்பேறித்தனமா இருந்தா பாட்டில் முறை இருக்கு. காலைல உங்க அளவு தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு வைங்க. தண்ணி குடிச்சா அதுலருந்து குடிங்க. டீ குடிச்சா டீ எவ்ளோவோ அவ்ளோ தண்ணிய அந்த பாட்டில்ல இருந்து வெளிய ஊத்திடுங்க. நான் வாசல்ல இருக்குற ஹைட்ரேஞ்சியா தொட்டில ஊத்துவேன். தாகத்தோட நின்னுக்கிட்டு 90 மி.லி. தண்ணிய செடிக்கு ஊத்துறது இருக்கே, மொத வாரம் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, ஆனா அதுக்கப்புறம்தான் ஒரு டீக்கு என்ன விலைன்னு எனக்குப் புரிஞ்சுது, நாளைக்கு ஆறு டீ குடிச்சவன் ரெண்டுக்கு வந்தேன்.

3. உப்ப விடாம தண்ணிய விட முடியாது

இத ரெண்டாவது அட்மிஷன்லதான் ஒரு பெரிய டாக்டர் புரியுற மாதிரி சொன்னாங்க. எட்டு கிராம் உப்பு உள்ள போனா அத சமாளிக்க உடம்பு ஒரு லிட்டர் தண்ணி கேக்கும். அது மன உறுதி சம்பந்தப்பட்டது இல்ல, தாகம் வந்தே தீரும். நீங்க ஊறுகாய நக்கிட்டு தண்ணிய அடக்கிக்கிறேன்னு ஒக்காந்தா ஒரு நாள் அடக்கலாம், மறுநாள் ராத்திரி குழாய்ல வாய வச்சிருப்பீங்க. நான் வச்சேன்.

எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன் தட்டின அளவு. இதுல பிஸ்கட்டு, பிரெட்டுல ஏற்கனவே இருக்குற உப்பும் சேர்த்தி. வீட்ல வேற சமையல் பண்ண முடியாது, அதனால எங்க வீட்ல குழம்பு, பொரியல் எல்லாம் உப்பு போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சுடுவாங்க. என் கிண்ணத்துக்கு எலுமிச்ச ரெண்டு சொட்டு, மிளகு, சீரகம், பூண்டு. மூணு வாரம் சாணி மாதிரி இருக்கும். அப்புறம் நாக்கு பழகிடும், இப்ப வெளிய சாப்பாடு எனக்கு கடல் தண்ணி மாதிரி கரிக்குது.

நம்ம பக்கத்துல மாட்டிக்கிற எடங்க: வர்க்கி பிஸ்கட்டு (டீய கொறச்சவன் வர்க்கிய கொறைக்கல, அதுல உப்பு இருக்குன்னே எனக்குத் தோணல), பேக்கரி பன், மிக்சர், அப்பளம், மோர் மிளகா, கருவாடு, குளிருக்கு சூடா இருக்கட்டும்னு போடுற பாக்கெட் சூப்பு, நூடுல்ஸ். பாக்கெட் சூப்பு உப்பும் தண்ணியும் ஒரே கிளாஸ்ல வர்ற சாமான்.

ரெண்டு பெரிய பொறி இருக்கு. ஒண்ணு, இந்துப்பு போட்டா பரவால்லன்னு சொல்லுவாங்க. இந்துப்பும் சோடியம்தான், கலர்தான் வேற. இன்னொண்ணு அதவிட மோசம், கடைல விக்கிற சோடியம் கம்மியான உப்பு. அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பாங்க. பி.பி.காரங்களுக்கு நல்லதா இருக்கலாம், கிட்னி வேல செய்யாத நமக்கு பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடலாம். எங்க அக்கா ஆசையா ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்துச்சு, பின்னாடி எழுதியிருந்தத படிச்சுட்டு அப்படியே திருப்பிக் குடுத்தோம்.

சுகர் இருக்குறவங்களுக்கு இன்னொரு விஷயம், சுகர் ஏறினாலே தாகம் எடுக்கும், அப்ப உப்ப மட்டும் கொறச்சு பிரயோஜனம் இல்ல.

4. எடை மிஷினும் ஸ்வெட்டரும்

வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் எடை மிஷின் வாங்குங்க, 900 ரூபாய்க்கு வாங்கினேன். தினமும் காலைல, ஒண்ணுக்கு போயிட்டு வந்து, காப்பிக்கு முன்னாடி, ஒரே துணியோட ஏறி நின்னு எழுதுங்க. சமமான தரைல வைக்கணும், எங்க வீட்ல பலகைத் தரை, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு எடை காட்டுச்சு, சமையக்கட்டு சிமென்ட் தரைக்கு மாத்தினதும் சரியாச்சு. ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறுச்சுன்னா அன்னிக்கு என்ன சாப்ட்டோம்னு திரும்பிப் பாருங்க, உப்பு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.

இப்ப மலைக்காரங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மொத மார்கழி, விடியக்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு பனில போறேன், உள்ள ஸ்வெட்டர், மேல ஜெர்கின், கழுத்துல சால்வை, தலைல மங்கி குல்லா. ஆஸ்பத்திரிக்கு போய் அப்படியே மிஷின் மேல ஏறிட்டேன், 61.6 காட்டுச்சு. அவசரத்துல அவங்களும் கேக்கல, நானும் சொல்லல, 58க்கு கொண்டு வரணும்னு 3.6 லிட்டர் எடுக்க வச்சுட்டாங்க. மூணாவது மணி நேரத்துல கெண்டைக்கால் ரெண்டும் முறுக்கிக்கிச்சு பாருங்க, அலறிட்டேன், பி.பி. 80க்கு விழுந்து கண்ணு இருட்டி, கால தூக்கி வச்சு சலைன் ஏத்தி, எல்லாரும் ஓடி வந்து. வீட்டுக்கு வந்து அந்த துணிய எல்லாம் சமையல் தராசுல போட்டா ஒண்ணே முக்கா கிலோ கிட்ட. இல்லாத தண்ணிய என் ரத்தத்துல இருந்து எடுத்திருக்காங்க.

அதனால ஒரு லேசான சட்டை, லுங்கி தனியா பைல வச்சு அத மாத்திக்கிட்டு எடை பாருங்க. முன்னாடி, பின்னாடி ரெண்டு தடவையும் அதே துணி. செருப்பு, மொபைல், சில்லறை எல்லாம் வெளிய. எடைய சொல்லும்போது "துணி மாத்திட்டேன் சிஸ்டர்"னு வாய விட்டு சொல்லுங்க.

டிரை வெயிட்டும் நிலையா இருக்காது. நல்லா சாப்ட்டு சதை போட்டா ஏறும், காய்ச்சல்ல படுத்து எளைச்சா இறங்கும். எளைச்சத கவனிக்காம பழைய 58லயே நிறுத்தினா கொறஞ்ச சதைக்கு பதிலா தண்ணி நிக்கும், எடை சரியா இருக்கும் ஆனா ராத்திரி படுத்தா மூச்சு முட்டும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவயாவது டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, அவங்களா சொல்லுவாங்கன்னு இருக்காதீங்க.

5. நாக்கு வறண்டா என்ன பண்றது

மலைல அவ்வளவா வேர்க்கிறது இல்ல, அதனால குடிச்சது தோல் வழியா அதிகம் போகாது, ஆனா டிசம்பர், ஜனவரில காத்து காஞ்சு போய் வாயும் உதடும் பொளந்துக்கும். அது தாகம் இல்ல, வறட்சி. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க பழகுங்க. வறட்சிக்கு வாய் கொப்பளிச்சு துப்பினா போதும் (துப்பணும், "கொஞ்சம் உள்ள போயிடுச்சு"ன்னு ஒரு டெக்னிக் இருக்கு, எனக்கும் தெரியும்). ஒரு கிராம்பு, ஏலக்கா வாய்ல அடக்கிக்கலாம். எலுமிச்ச துண்ட நாக்குல தடவிக்கலாம். ஐஸ் கட்டி நல்லா தாங்கும், ஆனா உங்க டிரேல ஒரு கட்டி எத்தன மி.லி.ன்னு உருக விட்டு அளந்துக்கோங்க, எங்களுது 18. ரூம் ஹீட்டர் பக்கத்துல ஒக்காராதீங்க, தொண்டை இன்னும் காயும். உதட்டுக்கு தேங்கா எண்ணெய்.

குளோனிடின் மாதிரி சில பி.பி. மாத்திரைங்க வாய காய வைக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, அத திடீர்னு நிறுத்தினா பி.பி. எகிறிடும், டாக்டர்கிட்ட வாய் ரொம்ப காயுதுன்னு சொல்லுங்க, மாத்தித் தர முடிஞ்சா தருவாங்க.

6. வீட்டுக்கு வர்றவங்க

"கிட்னின்னா நெறய தண்ணி குடிக்கணுமே தம்பி" இத நூறு பேராவது சொல்லுவாங்க. அது கல்லு இருக்குறவங்களுக்கு. பாக்க வர்றவங்க எளநீ வாங்கிட்டு வருவாங்க, அதுல பொட்டாசியம் அவ்ளோ இருக்கு, ஒரு எளநீயே நம்மள ஐ.சி.யு.வுக்கு அனுப்பிடலாம். மலை ரோட்டு வழில பர்லியார்ல விக்கிற ஸ்டார் ஃப்ரூட் எங்க இருந்தாலும் கிட்டயே போகாதீங்க, கிட்னி போனவங்களுக்கு அது நேரா மூளைய தாக்குற விஷம், ஒரு துண்டு கூட வேண்டாம். கல்யாணம், எழவு வீடு எங்க போனாலும் டீ நீட்டுவாங்க, வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. வாங்கி கைல புடிச்சுக்கிட்டு ரெண்டு வாய் குடிச்சுட்டு வச்சுடுறேன், 30 மி.லி.ன்னு எழுதிக்கிறேன். எங்க அம்மாதான் கஷ்டம். "ஒரு வாய் காப்பில என்னடா ஆகப் போவுது"ன்னு கண்ணு கலங்கி நிக்கும்போது கணக்கு எல்லாம் மறந்துடும். கடைசில அம்மாவ ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் மிஷின் பக்கத்துல ஒக்கார வச்சேன். அதுக்கப்புறம் கேக்கல, அளவு கப்ப அவங்களே கைல எடுத்துட்டாங்க.

7. ரோடு, மழை, ஞாயித்துக்கிழமை

சனிக்கிழமை மிஷின் முடிச்சா அடுத்தது செவ்வாய். வாரத்துல இந்த இடைவெளிதான் நீளம், ஆபத்தும் இதுலதான் அதிகம், அதுக்குன்னே நடுவுல ஞாயித்துக்கிழமை பிரியாணி வரும். சனிக்கிழமை ஊருக்கு ஏறும்போது "இன்னிக்குதான் எடுத்தாச்சே"ன்னு மனசு லேசா இருக்கும், அன்னிக்கு சாயங்காலம்தான் நெறய பேரு தப்பு பண்றது.

ஐப்பசி, கார்த்திகைல நம்ம ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். மரம் விழும், மண் சரியும், குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்ட அடைச்சா கோத்தகிரி வழியா சுத்தணும், சில நாள் அதுவும் இருக்காது. மே மாசம் சீசன்ல டூரிஸ்ட் வண்டி நெரிசல்ல மூணு மணி நேர ரோடு அஞ்சு மணி நேரம் ஆகும், ஒருவழி மாத்திவிட்டா இறங்குறதெல்லாம் கோத்தகிரி பக்கம்தான். இந்த ரெண்டு காலத்துலயும் மொத நாள் சாயங்காலமே கீழ போய் தங்குறதுக்கு ஒரு சொந்தக்காரங்க வீட்ட பேசி வச்சுக்கோங்க. சொந்தம் இல்லாதவங்க ஆஸ்பத்திரி பக்கத்துல டார்மிட்டரி பாத்து வச்சுக்கோங்க.

அப்படியும் போக முடியலன்னா, மொதல்ல யூனிட்டுக்கு போன் பண்ணி அடுத்த சிலாட் கேளுங்க. அன்னில இருந்து தண்ணிய டாக்டர் சொல்ற அளவுக்கு கொறைங்க, எனக்கு பாதியாக்க சொன்னாங்க. பழம் கிடையாது, உருளக்கெழங்கு, கீரை கிடையாது. மலைலயே டயாலிசிஸ் மிஷின் இருக்குற ஆஸ்பத்திரி எதுன்னு வெயில் நாள்லயே போய் பாத்து பேசி வச்சுடுங்க, மஞ்சக்காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூணு ரிப்போர்ட்டும் புதுசா இல்லாம எந்த யூனிட்லயும் வெளி பேஷன்ட்ட படுக்க விட மாட்டாங்க. மழைல நனைஞ்சுக்கிட்டு ரிப்போர்ட் தேடுற நெலம வேண்டாம்.

படுத்தா மூச்சு முட்டி எந்திரிச்சு ஜன்னலண்ட ஒக்காரத் தோணுது, இருமல் நிக்கல, ரெண்டு வார்த்த சேந்தாப்ல பேச முடியல, நெஞ்சு வலிக்குதுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108க்கு போன் போடுங்க. நம்ம ஊரு சும்மாவே ஆறாயிரம் அடி ஒசரம். ஆம்புலன்ஸ்ல படுக்க வேண்டாம், ஒக்காந்தே வர்றேன்னு சொல்லுங்க, டயாலிசிஸ் பேஷன்ட்னு மொத வார்த்தையா சொல்லுங்க, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்குன்னு ரத்தக்குழாய சேத்து தச்சது) இருக்குற கைல ஊசி குத்தவோ பி.பி. பாக்கவோ விடாதீங்க.

பயணம் முடியாதவங்க டாக்டர்கிட்ட சி.ஏ.பி.டி. பத்தி கேளுங்க, வயித்துல குழாய் வச்சு வீட்லயே பண்றது. தினமும் தண்ணி எடுக்குறதால இந்த அளவுக்கு கட்டுப்பாடு இருக்காது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அதுக்கான திரவப் பைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க. ஆனா தினம் மூணு நாலு தடவ சுத்தபத்தமா மாத்தணும், அதுக்கு வீட்ல ஒரு எடம் வேணும். எங்க லைன் வீட்ல அது முடியல.

8. பேப்பரும் பணமும்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்தா டயாலிசிஸ், ஆபரேஷன் ரெண்டுக்கும் உதவும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி போடணும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி தாசில்தார் கையெழுத்து, எனக்கு 12 நாள் ஆச்சு. அதோட ஸ்மார்ட் கார்டு, குடும்பத்துல எல்லாரோட ஆதாரும் எடுத்துக்கிட்டு ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுன்ட்டருக்குப் போகணும். ஸ்மார்ட் கார்டுல உங்க பேரும் ஆதார்ல உங்க பேரும் ஒரே எழுத்தா இருக்கான்னு வீட்லயே பாத்துடுங்க. எனக்கு இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறியிருந்துச்சு, அதுக்கு தனியா ரெண்டு ட்ரிப், ஒரு வாரம் போச்சு.

மிஷினுக்கு காசு கட்ட வேண்டாம்னாலும் ரோடு திங்கும். ரெண்டு பேரு பஸ், சாப்பாடு சேத்து ஒரு தடவைக்கு 500 ரூபா வருது எங்களுக்கு, மாசம் ஆறாயிரத்துக்கு மேல. சென்னைக்கு ட்ரெயின்ல போறதா இருந்தா டயாலிசிஸ், கிட்னி மாற்று பேஷன்ட்டுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் ஸ்லீப்பர்ல 75 சதவீதம் சலுகை இருக்கு, ரயில்வேயோட ஃபார்ம்ல ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்து, சீல் வாங்கிட்டு கவுன்ட்டர்ல எடுக்கணும்.

9. லிஸ்ட்டும் போனும்

பேர் பதியுறது நேரா தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துல இல்ல, மாற்று ஆபரேஷன் பண்ண லைசென்ஸ் இருக்குற ஆஸ்பத்திரி மூலமா. அங்க கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருப்பார், அவர் நம்பர்தான் இனிமே உங்களுக்கு முக்கியம். 2023ல மத்திய அரசு சொன்னபடி பதியுறதுக்கு ஃபீஸ் கிடையாது, ஆனா எக்கோ, பல், திசு டெஸ்ட்டுன்னு டெஸ்ட்டுக்கு ஆகும், எதுக்கு காப்பீடு வரும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. காசு குடுத்தா கிட்னி வாங்கித் தர்றேன்னு ஆஸ்பத்திரி வாசல்லயே ஆள் வருவான். 1994 சட்டப்படி அது குத்தம், வாங்குறவனுக்கும் ஜெயில்தான், பணமும் போகும். நின்னு பேசாதீங்க.

மூணு போன் நம்பர் குடுங்க, வேற வேற கம்பெனி சிம். எஸ்டேட் பக்கம் டவர் எப்ப இருக்கும்னு சொல்ல முடியாது, நீங்க எடுக்கலன்னா அடுத்த ஆளுக்கு போயிடும். ராத்திரி எந்த நேரமும் வர ஒத்துக்குற ஒரு டாக்சி டிரைவர் தம்பிகிட்ட பேசி வைங்க, எனக்கு 2,800 சொல்லியிருக்காரு. பனி இருக்கும், கல்லாறுல யானை நிக்கும், அதையும் சேத்து நேரம் போட்டு கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லிடுங்க. கதவுகிட்ட ஒரு பை: ஆதார், காப்பீட்டு கார்டு, ஒரிஜினல் ஃபைல், ரெண்டு செட் ஜெராக்ஸ், கடைசி டயாலிசிஸ் ஷீட்டு, மாத்திரை, துணி, 5,000 ரூபா சில்லறையா. போன் வந்ததும் அவங்க சொல்ற வரைக்கும் எதுவும் குடிக்காதீங்க, சாப்பிடாதீங்க. எடை ஏறியிருந்தா, பொட்டாசியம் ஏறியிருந்தா மொதல்ல டயாலிசிஸ் போட்டுத்தான் உள்ள எடுப்பாங்க, அதுல நேரம் போகும்.

கூப்டாங்கன்னா கெடச்சுடுச்சுன்னு இல்ல. ஒரு கிட்னிக்கு ரெண்டு மூணு பேர வர சொல்லுவாங்க, கிராஸ் மேட்ச் (ரத்தத்த கலந்து ஒத்துக்குதான்னு பாக்குற டெஸ்ட்டு) யாருக்கு சேருதோ அவங்களுக்கு. எனக்கு போன ஆவணில ஒரு தடவ வந்துச்சு. ராத்திரி பதினொண்ணேகால். அன்னிக்கு எடை 59.1, சிஸ்டர் பாத்துட்டு "பரவால்ல, டயாலிசிஸே வேண்டாம் போல"ன்னு சொன்னாங்க. நான் ரெண்டாவது ஆள். மொத ஆளுக்கு சேந்துடுச்சு. விடிஞ்சதும் போலாம்னுட்டாங்க.

திரும்பி பஸ்ல வந்தோம். பர்லியார்ல நிறுத்தினப்ப வீட்டுக்காரி ஒண்ணும் கேக்காம இறங்கிப் போய் ஒரு டீ வாங்கிட்டு வந்து குடுத்தா. ராத்திரி பூரா ஒண்ணும் குடிக்கல, மொத்த அளவும் மிச்சம் இருந்துச்சு. முழு கிளாஸையும் குடிச்சுட்டு நோட்ட எடுத்து 90ன்னு எழுதினேன். வீட்டுக்கு வந்து பைய மறுபடி கதவுகிட்ட வச்சோம், சார்ஜர் பைக்குள்ள இல்லாம அல்லாடினோம் அன்னிக்கு, அத மொதல்ல உள்ள போட்டேன். நீங்களும் போடுங்க.